லென்ஸ் இல்லை

பூட்டியதும் கேமரா முதலில் சொன்னது:
லென்ஸ் இல்லை.
ஒன்றரைக் கிலோவுக்கு மேல் கண்ணாடியும் உலோகமும்
என் மணிக்கட்டை முறித்துக்கொண்டிருக்க
லென்ஸ் இல்லையாம்.
மெனுவுக்குள் படிப்படியாய் இறங்கி
‘இல்லாவிட்டாலும் எடு’ என்ற வரியைக் கண்டுபிடித்தேன்.
எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்டது.
முந்நூறு என்றேன்.
நம்பிவிட்டது.

திபிலீசியில், பாலத்துச் சந்தையில்,
பதக்கங்களுக்கும் ஓட்டை சமோவாருக்கும் நடுவே கிடந்தது,
தோள்கட்டையும் விசையுமாய், துப்பாக்கி வேஷத்தில்.
எண்பத்திரண்டில் தொடங்கும் எண்.
உள்கண்ணாடியில் பூஞ்சை.
விற்றவன் நூற்றைம்பது லாரி கேட்டான்.
பூஞ்சையைக் காட்டினேன்.
தொண்ணூறு.

நான் பகலில் பல் செய்கிறவள்.
முகம் பார்த்திராத வாய்களுக்குப் பீங்கான் பற்கள்.
அதே இடுக்கி, அதே பஞ்சு,
மூன்று இரவு இதன் வாயைத் திறந்துவைத்துத் துடைத்தேன்.
ஓரத்தில் ஒரு வேர் மட்டும் வரவில்லை.
இருந்துவிட்டுப் போகட்டும்.

செப்டம்பர். பத்தூமிக்கு மேலே குன்று.
இந்தப் பக்கம் கருங்கடல், அந்தப் பக்கம் மலை,
நடுவில் வானம் ஒரு முடுக்கு.
வடக்கின் பருந்தெல்லாம் அதற்குள் நுழைந்துதான்
தெற்கே போயாக வேண்டும்.
புதர் ஓரம் மண்டியிட்டு, கட்டையைத் தோளில் பதித்து,
அடியில் இருக்கும் திருகை உருட்டுகிறேன்.
தானாக எதுவும் ஆகாது இதில்.
மூக்கு தெளியும்போது வால் கரையும்,
வால் தெளிவதற்குள் பறவை துருக்கிக்குப் பாதி வழி போயிருக்கும்.

சோளக்காட்டிலிருந்து ஒரு சீட்டி.
ஒரு கிழவர், கையில் இரட்டைக்குழல்.
என் தோளைத் தூரத்திலிருந்து பார்த்துத்
தன் ஜாதி என்று நினைத்துவிட்டார்.
‘அங்கே நின்றால் ஒன்றும் கிடைக்காது, மகளே,
கீழே வா, தாழப் பறக்கின்றன.’
பக்கத்தில் வந்த பிறகுதான்
குழல் முனையில் கண்ணாடி இருப்பதைக் கண்டார்.
சிரிக்கவில்லை. ஏமாற்றப்பட்டவர் மாதிரி நின்றார்.
பெயர் ஜெமால் என்றார்.
பிறகு, ‘கொடு, பார்க்கிறேன்.’

கொடுத்தேன்.
அவர் துப்பாக்கி என் காலடியில், புல்லில்.

தேன்பருந்து ஒன்று வட்டத்தை விட்டு விலகி வந்தது.
அவர் மூச்சு நின்றது. கட்டை அசையவில்லை.
திருகை என் விரலால் நான் மெல்ல உருட்ட,
திடீரென்று, ‘ஐயோ, அடிபட்டிருக்கிறது,
இறகு ஓரமெல்லாம் ரத்தம்!’

ரத்தமில்லை. ஃபோகஸ்.
கூர்மை விழுந்த விளிம்புகளில்
கேமரா பூசிக் காட்டும் சிவப்பு.
விளக்க நேரமில்லை.
பழக்கதோஷம், அவர் விசையை இழுத்துவிட்டார்.
விசை இப்போது எதையும் சுடுவதில்லை.
உள்ளே இருக்கும் துளையைச் சுருக்கும், அவ்வளவுதான்.
‘வெடிக்கவில்லையே’ என்றார்.
நான் குனிந்து, மேலே உள்ள பொத்தானை அழுத்தினேன்.

அன்று எடுத்தவை நானூற்றுப் பதினொன்று.
புகை, புகை, கம்பி, சோளத்தோகை, புகை.
கூராய் வந்தது ஒன்றுதான்:
இறகின் ஓரத்தில் கொஞ்சம் ஊதா ஒழுகல்,
கீழ் மூலையில் நான் விட்டுவைத்த வேரின் மங்கல்,
நடுவில் மஞ்சள் கண், நேராக எங்களை நோக்கி.
விவரத்தில் எழுதியிருந்தது:
லென்ஸ், ஒரு கோடு.
துளை, ஒரு கோடு.
எடுத்தவர் என்ற இடமும் காலி.
அதை மட்டும் யாருக்காகக் காலியாக விட்டது என்று
நான் கேமராவிடம் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அச்சுப்போட்டுக் கொண்டுபோனேன்.
ஜெமால் ஹேசல் கொட்டைகளைப் பாயில் பரப்பிக்கொண்டிருந்தார்.
கையைத் துடைத்துவிட்டு வாங்கினார்.
வெளிச்சத்தில் சாய்த்தார், திருப்பினார்,
பின்பக்கத்தைக்கூடப் பார்த்தார்.
‘சிவப்பு எங்கே?’

படத்தில் வராது, என்றேன்.
குறி பார்க்கிறபோது மட்டும்தான் தெரியும்.

வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை.
தோட்டா வார் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.
அதன் காலிப் பை ஒன்றில் படத்தை மடிக்காமல் நுழைக்கப் பார்த்தார்.
நுழையவில்லை.
‘சின்னதாய் ஒன்று போட்டுத் தா’ என்றார்.